29 வாரம், பிபி 150/100, அட்மிட் ஆகியிருக்கிறேன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

விருதுநகர் கயல் | மார்ச் 3, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படிக்க மட்டும் வருகிறவள், இன்றுதான் முதல் தடவையாக எழுதுகிறேன். வார்டில் லைட்டை அணைத்துவிட்டார்கள். போன் வெளிச்சத்தில் தட்டுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும்.

எனக்குத் தலைப்பிரசவம். இன்றோடு 29 வாரம் 3 நாள். 20 நாளாகக் கால் வீக்கம். கொலுசைக் கழற்ற முடியாமல் சோப்பு போட்டுக் கழற்றினோம். "மாசமா இருக்கிறவளுக்கு நீர் கோக்கத்தான் செய்யும், பார்லி தண்ணி குடி" என்றார் மாமியார். குடித்தேன். போன வாரம் முகமும் வீங்கிவிட்டது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் செக்கப், பிபி 150/100. கால் மணி நேரம் உட்கார வைத்து மறுபடி பார்த்தார்கள், 154/100. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் 2 பிளஸ். வீட்டுக்குக்கூட விடாமல் 108-ல் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

இங்கே வந்ததிலிருந்து பிபி மாத்திரை, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். குழந்தையின் நுரையீரலுக்கு என்று 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நாலு ஊசி. ஒன்று போட்டாகிவிட்டது. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "எவ்வளவு நாள் தள்ள முடியுமோ தள்ளுவோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். எதைத் தள்ளுவது, எது வரைக்கும் தள்ளுவது? 29 வாரத்தில் பிறந்தால் பிழைக்குமா? யாராவது சொல்லுங்கள். கூட என் அம்மா இருக்கிறார், அவரிடம் கேட்டால் அழுகிறார்.

இரட்டைவாலு அம்மா | மார்ச் 3, இரவு 11.15

கயல், முதலில் போனை வைத்துவிட்டு இடது பக்கம் ஒருக்களித்துப் படு. அப்புறம் படிக்கலாம்.

நான் திருச்சி. என் மகன் 31 வாரத்தில் பிறந்தான், இதே பிபிதான். எடை 1,180 கிராம். இப்போது யுகேஜி போகிறான், நேற்று பக்கத்து வீட்டுப் பையனின் பென்சில் டப்பாவை ஒளித்து வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டான். ஒருத்தன் தப்பித்ததால் எல்லாமே தப்பிக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் 29, 30 வாரத்தில் பிறந்து நல்லபடியாக வீட்டுக்குப் போன குழந்தைகளை நானே அந்த வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நாலு ஊசியையும் விடாமல் போட்டுக்கொள். "தள்ளுவது" என்றால் குழந்தை உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் லாபம் என்று அர்த்தம். எனக்குப் பதினோரு நாள் கிடைத்தது.

தாழம்பூ | மார்ச் 4, காலை 6.05

மகப்பேறு மருத்துவர்தான், ஆனால் உங்களை நேரில் பார்க்காதவள். உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவு. பொதுவாகச் சொல்கிறேன்.

உங்களுக்கு இருப்பது ப்ரீஎக்லாம்சியா. 20 வாரத்துக்குப் பிறகு புதிதாக 140/90-க்கு மேல் பிபி ஏறி, சிறுநீரில் புரதம் போவது. பிரச்சினை தொடங்குவது நஞ்சுக்கொடியில். அது ஆரம்ப மாதங்களில் கருப்பைக்குள் இறங்கும்போது தாயின் ரத்தக்குழாய்களை அகலப்படுத்திக்கொள்ள வேண்டும். சிலருக்கு அது சரியாக நடப்பதில்லை. ரத்தம் போதாமல் திணறும் நஞ்சுக்கொடி சில பொருள்களைத் தாயின் ரத்தத்தில் கலக்கவிடுகிறது. அவை உடம்பு முழுக்க ரத்தக்குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. அதனால்தான் சிறுநீரகம், ஈரல், மூளை என்று எல்லா இடத்திலும் கை வைக்கிறது. நீங்கள் தின்றதாலோ தின்னாததாலோ வந்ததில்லை. உப்பைக் குறைத்தாலும் இது குறையாது. பார்லி தண்ணீர் குடிப்பதில் தப்பில்லை, ஆனால் இதற்கு மருந்து அது இல்லை.

நஞ்சுக்கொடி வெளியே வந்தால்தான் நோய் இறங்கத் தொடங்கும். ஆனால் குழந்தை இன்னும் முற்றவில்லை. இந்த இழுபறிதான் "தள்ளுவது". பிபி கட்டுக்குள் இருந்து, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுவும் ஈரல் சோதனையும் சரியாக இருந்தால் 37 வாரம் வரை பார்ப்போம். கடுமையானால் 34 வாரத்தைத் தாண்ட விடமாட்டோம். தாய்க்கு ஆபத்து என்றால் வாரக் கணக்கே கிடையாது, எடுத்துவிடுவோம்.

அந்த நுரையீரல் ஊசி டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. நியூசிலாந்தில் லிகின்ஸ் என்பவர் ஆடுகளுக்கு ஏன் சீக்கிரம் பிரசவமாகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு போட்ட ஆட்டின் குறைமாதக் குட்டி, செத்துப்போக வேண்டியது, மூச்சுவிட்டுக்கொண்டு கிடந்தது. அங்கிருந்து பிடித்து, ஹோவி என்ற குழந்தை மருத்துவருடன் சேர்ந்து 1972-ல் மனிதர்களிடம் சோதித்த முடிவை வெளியிட்டார். இன்று உங்கள் இடுப்பில் ஏறியது அந்த ஆட்டுக்குட்டி காட்டிய வழிதான்.

சும்மா கேட்டேன் | மார்ச் 4, காலை 9.30

கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் பாட்டி பத்துப் பிள்ளை பெற்றாள், ஒரு தடவைகூட பிபி பார்த்ததில்லை. இப்போது யாரைக் கேட்டாலும் பிபி, சுகர், உடனே ஆபரேஷன். பயமுறுத்திக் காசு பார்க்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது.

ஓய்வு சிஸ்டர் | மார்ச் 4, காலை 11.50

தம்பி, பாட்டி பத்துப் பெற்றார் சரி. எத்தனை நிலைத்தது என்று வீட்டில் கேட்டுப் பார். என் பாட்டி ஒன்பது பெற்றாள், நாலு தங்கியது. அவளுடைய தங்கை தலைப்பிரசவத்தில் "ஜன்னி கண்டு" செத்தாள் என்று சொல்வார்கள். அந்த ஜன்னி என்னவென்று நர்ஸ் வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பிரசவ வார்டில் 31 வருடம் இருந்தேன். நான் சேர்ந்த காலத்தில் எக்லாம்சியாவுக்கு, அதாவது இந்த பிபி முற்றி வரும் அந்த வலிப்புக்கு, தனி ரூம், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. வெளிச்சமோ சத்தமோ பட்டால் மறுபடி வெட்டி இழுக்கும் என்று இருட்டிலேயே வைத்திருப்போம். தூக்க மருந்தைக் கொடுத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பிறகு மேக்சல்ஃப் வந்தது, மெக்னீசியம் சல்ஃபேட். பிரிட்சர்டு முறையில் நரம்பில் 4 கிராம் மெதுவாக, இரண்டு பக்க இடுப்பிலும் ஐந்தைந்து கிராம், அப்புறம் நாலு மணி நேரத்துக்கு ஒரு 5 கிராம். போடும்போது உடம்பெல்லாம் நெருப்பு பட்ட மாதிரி எரியும். "சிஸ்டர், என்னைக் கொளுத்திவிட்டீர்களா" என்று ஒரு பெண் கேட்டாள்.

ஒவ்வொரு டோஸுக்கும் முன்னால் சின்னச் சுத்தியல் வைத்து முட்டியில் தட்டுவோம். கால் துள்ள வேண்டும். மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையக் கூடாது. நாலு மணி நேரத்தில் 100 மில்லியாவது சிறுநீர் இறங்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் மருந்து நிறுத்தம். மருந்து அதிகமாகிவிட்டால் முறிக்க, கால்சியம் குளுக்கோனேட் பக்கத்திலேயே உடைத்துப் போடத் தயாராக இருக்கும். கயல், உனக்கும் ஒருநாள் அது போடவேண்டி வரலாம். எரிந்தால் பயப்படாதே, நர்ஸ் முட்டியைத் தட்டாமல் போனால் மட்டும் கூப்பிட்டுக் கேள்.

தாழம்பூ | மார்ச் 4, மதியம் 1.20

சிஸ்டர் சொன்னதற்கு ஒரு கணக்கு. மேக்பை என்ற பெரிய ஆய்வு 2002-ல் வந்தது. 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்கள். ப்ரீஎக்லாம்சியா உள்ளவர்களுக்கு முன்கூட்டியே இதைப் போட்டால் வலிப்பு வரும் வாய்ப்பு பாதிக்கு மேல் குறைந்தது. விலை மலிவான மருந்து. 32 வாரத்துக்கு முன்னால் பிறக்கும் குழந்தைக்கு மூளைப் பாதிப்பு வராமலும் ஓரளவு காக்கிறது.

சும்மா கேட்டேன் சாருக்கு: ஆபரேஷன் பற்றிய சந்தேகம் நியாயம்தான், மழுப்பமாட்டேன். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 44.9 சதவீதம் சிசேரியன், தனியாரில் மட்டும் 63.8. இவ்வளவு தேவையில்லை என்று எங்கள் துறையிலேயே பலர் சொல்கிறோம். ஆனால் கயல் விஷயம் வேறு. 2018-20 கணக்கில் உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிபி பட்டையைச் சுற்றிப் பார்த்து, அன்றைக்கே 108-ல் ஏற்றிவிடும் நர்சம்மாக்களுடையது.

அந்திநிலா | மார்ச் 5, இரவு 1.10

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். கயல், இதை நீ இப்போது படிக்க வேண்டாம். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

எனக்கு 26-வது வாரம். மேல்வயிற்றில் வலி, நெஞ்சுக்குழிக்குக் கீழே வலது பக்கம். கேஸ் என்று சோடா குடித்தேன். இரவு முழுக்க வாந்தி. காலையில் போனபோது பிபி 170/110, தட்டணு 60 ஆயிரத்துக்குக் கீழே. ஹெல்ப் சிண்ட்ரோம் என்றார்கள், இதே நோய் முற்றி ரத்த அணுக்களையும் ஈரலையும் கெடுப்பது. குழந்தைக்கு இதயத் துடிப்பு இல்லை. 640 கிராம், பையன்.

என்னைக் காப்பாற்றிவிட்டார்கள். அதைப் பற்றிக் குறையில்லை. ஆனால் மூன்றாம் நாள் பால் கட்டும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. குழந்தை இல்லை, சட்டையெல்லாம் பாலாக நனைகிறது. அம்மா கடைத்தெருவில் மல்லிகைப்பூ வாங்கி வந்து மார்பில் வைத்துக் கட்டினாள், பால் வற்றும் என்று. எனக்கு ஒன்றரை வருடம் மல்லிகை வாசனை ஆகவில்லை.

அடுத்த கர்ப்பத்தில் 12-வது வாரத்திலிருந்து ராத்திரி ஒரு ஆஸ்பிரின் கொடுத்தார்கள். கூடவே கால்சியம். 37 வாரம் போனது. பெண், 2.6 கிலோ. பக்கத்தில் தூங்குகிறாள். அவனுக்கு வைத்த பெயரை இவளுக்கு வைக்கவில்லை.

தாழம்பூ | மார்ச் 5, காலை 6.30

அந்திநிலா, நன்றி. மேல்வயிற்று வலியை இங்கே ஒருவராவது நினைவில் வைத்துக்கொண்டால் போதும், அது ஈரலிலிருந்து வருகிற வலி.

ஆஸ்பிரின் பற்றிக் கேட்டு எனக்கு மூன்று தனிச்செய்தி வந்துவிட்டது. ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு, அதாவது முன்பு இதே நோய் வந்தவர்கள், இரட்டைக் கரு, ஏற்கெனவே பிபி, சர்க்கரை, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு, 16 வாரத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். 2017-ல் வந்த ஆஸ்ப்ரே ஆய்வில் 150 மில்லிகிராம் கொடுத்தபோது, 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்கவேண்டி வரும் ப்ரீஎக்லாம்சியா 62 சதவீதம் குறைந்தது. 30 வாரத்தில் போய் ஆரம்பித்தால் பிரயோசனமில்லை. மெடிக்கலில் தானாக வாங்கி விழுங்காதீர்கள்.

கோவை செல்வா | மார்ச் 7, இரவு 9.45

எல்லோரும் பிரசவம் வரைக்கும் பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகுதான் நடந்தது.

மனைவிக்கு இரண்டாவது பிரசவம், சுகப்பிரசவம். வலியின்போது பிபி 140/90 இருந்தது, "டென்ஷன்" என்றார்கள். மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். எந்த ஆஸ்பத்திரி என்று வேண்டாம், ஆனால் சீட்டில் பிபி பற்றி ஒரு வரியும் இல்லை. ஐந்தாம் நாள் காலையிலிருந்து தலைவலி. பச்சை உடம்புக்காரி, தூக்கமில்லை, அதனால்தான் என்றோம். பிள்ளை பெற்ற மருந்து ஒரு உருண்டை கூடுதலாகக் கொடுத்தார்கள். மதியம் "கண்ணுக்கு முன்னால் மின்மினி பறக்கிறது" என்றாள். நான் சிரித்தேன். இதை எழுதும்போதுகூடக் கை நடுங்குகிறது.

சாயங்காலம் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அப்படியே சாய்ந்தாள். கண் மேலே செருகி, கைகால் வெட்டி இழுக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா ஓடி வந்து பீரோ சாவியைக் கையில் திணித்தார். ஒருத்தர் வாயில் ஸ்பூன் வைக்கப் பார்த்தார். பெரியவள், நாலு வயது, கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். 108 வந்தது. ஆம்புலன்சில் பார்த்தபோது பிபி 190/120. அப்புறம் சிஸ்டர் சொன்ன அதே மேக்சல்ஃப்.

இப்போது நன்றாக இருக்கிறாள். அந்த இரண்டு நாள் மட்டும் அவளுக்கு ஞாபகமே இல்லை. பிரசவம் முடிந்தும் வரும் என்று ஒருத்தர் சொல்லியிருந்தால் காலையிலேயே தூக்கிக்கொண்டு போயிருப்பேன்.

தாழம்பூ | மார்ச் 7, இரவு 10.30

செல்வா சொன்னதை ஒவ்வொரு வளைகாப்பு வீட்டிலும் சொல்ல வேண்டும். நஞ்சுக்கொடி வந்தால் நோய் இறங்கும் என்று நான்தான் மேலே எழுதினேன். இறங்கும், ஆனால் அன்றைக்கே இல்லை. பிரசவத்துக்குப் பிறகு மூன்றிலிருந்து ஆறாம் நாளுக்குள்தான் பிபி உச்சிக்கு ஏறும். நாம் டிஸ்சார்ஜ் செய்து அனுப்புவதும் சரியாக அந்த நாளில்தான். ஆறு வாரம் வரைக்கும் வரலாம். கர்ப்பத்தில் பிபியே இல்லாதவர்களுக்கும் வருவதுண்டு.

வலிப்பு வந்தால் இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள், கீழே விழாமல் பாருங்கள், 108. வாயில் ஒன்றும் வைக்காதீர்கள். சாவி எந்த வேலையும் செய்யாது.

வடமராட்சி | மார்ச் 8, காலை 7.15

நான் யாழ்ப்பாணப் பக்கம். எங்கட இடத்தில பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்தால், முதல் பத்து நாளுக்குள்ளேயே குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருவா. நாங்கள் மிட்வைஃப் அம்மா எண்டுதான் கூப்பிடுறது. தாயையும் பிள்ளையையும் ரெண்டு பேரையும் பார்ப்பா. என்ர அக்காவுக்குத் தலையிடி எண்டு சொன்னதும் தன்ர கையாலயே காருக்குள்ள ஏத்திவிட்டவ. செல்வா அண்ணா, வாசிக்க மனம் பதறுது.

சும்மா கேட்டேன் | மார்ச் 8, காலை 10.05

பாட்டி பற்றி அம்மாவிடம் கேட்டேன். பத்து இல்லையாம், பன்னிரண்டு. ஆறு தங்கியது. இத்தனை வருடத்தில் அதை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

என் தங்கைக்கு எட்டாவது மாதம். வீட்டில் பிபி மெஷின் வாங்கிவைத்தால் உபயோகமா? எது வாங்குவது?

தாழம்பூ | மார்ச் 8, மதியம் 2.00

வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேல்கையில் கட்டும் டிஜிட்டல் மெஷின். கை பருமனாக இருந்தால் பெரிய பட்டை கேளுங்கள், சின்னப் பட்டை பிபியை ஏற்றிக் காட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பேசாமல், காலைத் தொங்கப்போட்டு ஆட்டாமல் எடுங்கள். 140/90 வந்தால் அன்றே காட்டுங்கள். 160/110 வந்தால் காலை வரைக்கும் காத்திருக்காதீர்கள். வீட்டில் பார்க்கிறோம் என்று செக்கப்பை விடக் கூடாது.

விருதுநகர் கயல் | மார்ச் 19, மாலை 5.30

எல்லோருக்கும் பதில் எழுதாமல் போனதற்கு மன்னியுங்கள்.

13 நாள் தள்ளினோம். 16-ஆம் தேதி விடியற்காலை தலை வெடிக்கிற மாதிரி வலி, பிபி 170/110. தட்டணு 1 லட்சத்து 80 ஆயிரத்திலிருந்து 98 ஆயிரத்துக்கு இறங்கியிருந்தது. உடனே மேக்சல்ஃப். சிஸ்டர், எரிந்தது, நிஜமாகவே கொளுத்திவிட்டார்கள். ஆனால் நர்ஸ் சுத்தியலை எடுத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னம்மா சிரிக்கிறே" என்றார். "கால் துள்ளுதா பாருங்க" என்றேன்.

சிசேரியன். பெண் குழந்தை, 31 வாரம் 2 நாள், 1,240 கிராம். பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டாள். மூக்கில் சிபேப் குழாய் (நுரையீரல் சுருங்காமல் அழுத்தத்தோடு காற்று கொடுப்பது), மூச்சு நின்றுவிடாமல் இருக்க கேஃபீன் கொடுக்கிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கு 2 மில்லி பால், குழாய் வழியாக.

நான் இன்னும் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் போனில் எடுத்த படம்தான். குழந்தையின் கை அவருடைய கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. எனக்கு இன்று மூன்றாம் நாள், பிபி காலையில் 150/96, மாலையில் 164/110. மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். செல்வா அண்ணா எழுதியதை அவரிடம் காட்டியிருந்தேன். "நாளைக்குக் கட்டில் காலி செய்யலாம்" என்று ஒரு பயிற்சி டாக்டர் சொன்னபோது, "ஏழு நாள் ஆகட்டும் சார்" என்று அவர் நின்றுவிட்டார். பெரிய டாக்டர் வந்து அதுவே சரி என்றார்.

இரட்டைவாலு அம்மா | மார்ச் 19, இரவு 8.00

கயல்! 1,240 கிராமா, என் பையனைவிட 60 கிராம் அதிகம்.

முதல் பத்து நாளில் எடை இறங்கும், எங்களுக்கு 1,090 வரைக்கும் போனது. எல்லோருக்கும் அப்படித்தான், கலங்காதே. பால் வராவிட்டாலும் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பீய்ச்சு, ராத்திரியும். எனக்கு முதல் நாள் சொட்டு மட்டும்தான், அதையும் ஒரு சிரிஞ்சில் எடுத்துக்கொண்டு போனார்கள். குழாயை எடுத்ததும் பாலாடையில் புகட்டச் சொல்லித் தருவார்கள்.

அப்புறம் கங்காரு. நைட்டிக்கு முன்பக்கம் பட்டன் இருக்கட்டும். மார்பில் தோலோடு தோலாகப் படுக்க வைத்து, மேலே துணி சுற்றிவிடுவார்கள். என் வீட்டுக்காரர் கூச்சப்பட்டார், பிறகு அவரே தினமும் இரண்டு மணி நேரம். அவர் மார்பு முடியைப் பிடித்து இழுத்ததுதான் மகனுடைய முதல் சேட்டை.

தாழம்பூ | மார்ச் 19, இரவு 9.10

கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978-ல், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கியது இந்தக் கங்காரு முறை. வசதி இல்லாததற்கு மாற்று என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தோம். 2021-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு வந்தது, இந்தியாவும் அதில் உண்டு. குழந்தை நிலைப்படும் வரை காத்திருக்காமல் பிறந்ததுமே தொடங்கினால் இறப்பு 25 சதவீதம் குறைகிறது.

ஒன்று மறந்துபோகும், இப்போதே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: கண் பரிசோதனை. 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு விழித்திரையை 30 நாளுக்குள் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் கண் நன்றாகத்தான் தெரியும். நாள் தவறினால் திரும்பப் பெற முடியாது. உங்களுக்கும் சேர்த்து: வருடா வருடம் பிபி, சர்க்கரை பாருங்கள். இந்த நோய் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு.

விருதுநகர் கயல் | ஏப்ரல் 20, இரவு 8.20

இன்று வீட்டுக்கு வந்துவிட்டோம். 1,710 கிராம். வாசலில் மாமியார் ஆரத்தி எடுத்தார், கற்பூரம் மட்டும் வேண்டாம் என்று நானே சொன்னேன், புகை ஆகாது. பார்லி டப்பா இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதன் பக்கத்தில் பிபி மெஷினை வைத்திருக்கிறார். தனக்கும் தினமும் பார்த்துக்கொள்கிறார், 150 வருகிறதாம், நாளைக்கு அவரையும் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும்.

எனக்கு இன்று 132/84, ஒரு மாத்திரை தொடர்கிறது. குழந்தைக்குக் கண் 13-ஆம் தேதியே பார்த்துவிட்டார்கள். ரத்தக்குழாய் இன்னும் முழுதாக வளரவில்லை, 27-ஆம் தேதி மறுபடி வரச் சொன்னார்கள்.

ஓய்வு சிஸ்டர் | ஏப்ரல் 20, இரவு 8.45

27 காலையில் போகும்போது தலைக்குக் குல்லா, காலுக்குச் சாக்ஸ். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காராதே. கண்ணில் சொட்டு மருந்து விட்டு நேரமாகும், அதனால் பாலைப் பீய்ச்சி எடுத்துக்கொண்டு போ. பாலாடையை மறக்காதே.